அரை ஏக்கரை விற்றுத் துப்பாக்கி வாங்கலாமா?

பயிர்ப் பாதுகாப்பு பற்றி எழுதும் ஆளுக்குப் பூச்சி, பூஞ்சாணம், களை என்றுதான் கடிதங்கள் வரும். காட்டுப்பன்றி பற்றிய முந்தைய கட்டுரையில், விடுமுறை நாளில் பறக்கும் தட்டைச் சுடும் பழக்கம் எனக்கு உண்டு என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். பன்றிக்குச் சொன்ன யோசனைகளை எல்லாம் விட்டுவிட்டு, அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பலர் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் இரண்டு கடிதங்களுக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் கடிதம் கோபி பக்கமிருந்து. மஞ்சளும் கரும்பும் வைத்திருக்கும் அன்பர். மகளுக்கு 20 வயது, கோவையில் படிக்கிறார். அங்கே ஒரு கிளப்பில் ‘ட்ராப்’ எனப்படும் தட்டு சுடும் பயிற்சிக்குப் போய், இப்போது போட்டிகளிலும் கலந்துகொள்கிறார். சொந்தமாக, குழல்கள் மேலும் கீழுமாக அமைந்த ‘ஓவர்-அண்டர்’ துப்பாக்கி ஒன்று இருந்தால் முன்னேறலாம் என்று உடன் சுடுபவர்கள் சொல்கிறார்களாம். ‘அரை ஏக்கரைக் கொடுத்தால் நல்ல இத்தாலித் துப்பாக்கியே வாங்கிவிடலாமுங்க. எது நம்பி வாங்கலாம்? அதுவே பன்றிக்கும் ஆகுமுங்களா?’ என்று கேட்டிருக்கிறார். அப்பா காலத்து இரட்டைக்குழல் ஒன்று வீட்டில் இருப்பதையும் குறிப்பிட்டிருக்கிறார்.

இரண்டாவது கடிதம் நாமக்கல்லில் இருந்து. இவருடைய மகன் கிழக்கு இங்கிலாந்தில் ஒரு பண்ணையில் வேலை பார்க்கிறார். அங்கே காட்டுப்புறா பயிரை மேய்வதால், பண்ணைக்காரர்கள் துப்பாக்கியோடு வயலில் உட்காருகிறார்களாம். மகனும் அங்குள்ள முறைப்படி உரிமம் வாங்கி ஒரு துப்பாக்கி வாங்கப் போகிறார். தூரத்தில் இருக்கும் தகப்பனுக்குக் கவலை.

முதலில் பன்றியை முடித்துவிடுகிறேன். ஆகாது. சட்டப்படியும் ஆகாது, துப்பாக்கிக் கணக்குப்படியும் ஆகாது.

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நம் நாட்டில் வேட்டை தடை செய்யப்பட்டது. நம் மாநிலத்தில் 2025 ஜனவரியில் அரசு அறிவித்த ஏற்பாடு இதுதான்: காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம், 3 கி.மீ.க்கு அப்பால் சுடலாம், ஆனால் சுடுவது வனத்துறைப் பணியாளர்கள்தான். விவசாயியிடம் துப்பாக்கி உரிமம் இருந்தாலும் அவர் சுட முடியாது. கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் கொடுத்து, உரிமம் உள்ளவர்களைப் பட்டியலிட்டு அவர்களைக் கொண்டு சுடுகிறார்கள். அதைக் கேள்விப்பட்டு, ‘இங்கேயும் அப்படித்தான்’ என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் எல்லையோர மாவட்டங்களில் நிறையப் பேர். வழக்கு வந்த பிறகு தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

துப்பாக்கிக் கணக்கு என்னவென்றால், ட்ராப் போட்டியில் பயன்படும் 12 போர் தோட்டாவில் 24 கிராம் ஈய ரவை இருக்கும். ஒவ்வொரு ரவையும் கம்பு மணி அளவு, ஏறக்குறைய 300 ரவைகள். பறக்கும் தட்டை உடைக்க இது போதும். பன்றியின் தோலில் பட்டால் உள்ளே ஆழமாகப் போகாது; காயப்பட்ட பன்றி கரும்புக்குள் படுத்துக்கொள்ளும், மறுநாள் தோகை உரிக்கப் போகிறவர் தொடையைக் கிழிக்கும். சரி, ஒற்றைக் குண்டுத் தோட்டா போடலாமே என்றால், ட்ராப் துப்பாக்கியின் குழல்கள் முனையில் இறுக்கமாகக் குறுகியிருக்கும். அந்தக் குறுக்கத்தைத்தான் ‘சோக்’ என்கிறார்கள். முழு சோக் என்றால் சுமார் 1 மில்லிமீட்டர் குறுக்கம். ரவை சிதறாமல் கட்டுக்கோப்பாகப் போவதற்கான ஏற்பாடு அது. கனமான ஒற்றைக் குண்டை அதன் வழியே தள்ளுவது சரியல்ல. கதிர் அடிக்கும் இயந்திரத்தில் மஞ்சள் மெருகூட்ட முடியாது என்பது போலத்தான்.

இனி மகளின் துப்பாக்கிக்கு வருகிறேன். ஓவர்-அண்டர் என்ன அப்படி உசத்தி என்று அன்பர் கேட்கவில்லை. ஆனால் காசு போடுகிறவர் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் வீடுகளில் பார்த்த இரட்டைக்குழல் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் குழல் வைத்தவை. அதில் குறி பார்க்கும்போது கண்ணுக்கு முன்னால் அகலமான இரண்டு குழலும் தெரியும். மேல்-கீழ் அமைப்பில் ஒரே ஒரு குழலின் முதுகு மட்டும் தெரியும். பறந்து போகும் பொருளின் மேல் விரலை நீட்டிக் காட்டுவது போல இருக்கும். இன்னொன்று, முதலில் சுடுவது கீழ்க் குழலை. அது தோள்மட்டத்துக்கு நேராக இருப்பதால் உதை நேராகப் பின்னுக்கு வரும், முனை அதிகம் எகிறாது. ட்ராப் போட்டியில் ஒரு தட்டுக்கு இரண்டு முறை சுட அனுமதி உண்டு. முதல் வேட்டு தவறினால் அடுத்த நொடிக்குள் இரண்டாவது போக வேண்டும். அங்கேதான் இந்த அமைப்பு கை கொடுக்கிறது.

லண்டனில் பாஸ் கம்பெனி 1909இலேயே அழகான ஓவர்-அண்டர் செய்தது. ஆனால் அது சீமான்கள் கையில் இருந்த பொருள். அமெரிக்கரான ஜான் மோசஸ் ப்ரௌனிங், சாதாரண ஆளும் வாங்கக்கூடிய ஒன்றைச் செய்ய நினைத்து, பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்துத் தொழிற்சாலையில் அதற்கான வேலையில் இருந்தபோது 1926இல் காலமானார். மகன் வால் ப்ரௌனிங் மீதியை முடித்தார். 1931இல் ‘சூப்பர்போஸ்ட்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இன்று போட்டித் திடலில் தெரியும் துப்பாக்கிகளில் பாதிக்கு அதுதான் பாட்டன்.

என் அனுபவத்தில், இந்த வகைத் துப்பாக்கியின் முதல் நம்பகம் வேறு ஒன்று. நடுவில் மடக்கித் திறந்தால் இரண்டு குழலும் முனைவரை ஒரே பார்வையில் தெரியும். தோட்டா இருக்கிறதா, அடைப்பு இருக்கிறதா என்று யாரையும் கேட்க வேண்டாம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பணியில் சேர்ந்த புதிதில் மலையோரக் கிராமம் ஒன்றில் இருந்தேன். அங்கே பலரிடம் வாய் வழியே மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கிதான். பயிர்ப் பாதுகாப்புக்கு அதற்குத்தான் உரிமம் கொடுப்பார்கள். மானாவாரி ராகி வைத்திருந்த பெரியவர் ஒருவர், அறுவடை முடிந்து சுவரில் மாட்டிய துப்பாக்கியை மூன்று மாதம் கழித்து எடுத்திருக்கிறார். இடைப்பட்ட நாளில் குழலுக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. வாய் வழித் துப்பாக்கியில் பின்பக்கம் மூடியிருக்கும், ஊடுருவிப் பார்க்க வழியே இல்லை. குருவியை விரட்ட ஒரு வெறும் வேட்டுப் போட்டிருக்கிறார். குழல் வாழைப்பூ மடல் போல விரிந்துவிட்டது. இடது கையில் இரண்டு விரல் போயிற்று. அலுவலக ஜீப்பில்தான் மலை இறக்கிக் கொண்டுபோனோம். வழியெல்லாம் ‘ராகிக்கு இன்னும் காவல் வேணுமுங்களே சார்’ என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு முன் எனக்குத் துப்பாக்கி என்றால் கல்லூரி என்.சி.சி.யில் சுட்ட .22 ரைஃபிள் மட்டும்தான். அந்த ஜீப் பயணத்துக்குப் பிறகுதான் துப்பாக்கியின் உள்வேலை என்ன என்று ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன்.

மடக்குத் துப்பாக்கியிலும் விபத்து உண்டு, மறைக்க மாட்டேன். 20 போர் தோட்டா கொஞ்சம் சிறியது. தவறுதலாக 12 போர் குழலில் போட்டால் நழுவி உள்ளே போய் நடுவழியில் நிற்கும். பின்னால் பார்த்தால் காலியாகத் தெரியும். அதன் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். இதனால்தான் 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். இரண்டு அளவுத் தோட்டாவும் ஒரே பையில் இருக்கவே கூடாது.

எந்தக் கம்பெனி என்ற கேள்விக்கு என் பதில் பலருக்குப் பிடிக்காது. நல்ல பெயர் உள்ள நாலைந்தில் எதை வாங்கினாலும் குழலும் இரும்பும் குறை சொல்ல முடியாது. பெரெட்டா குடும்பம் 1526இலேயே வெனிஸ் நகரத்து ஆயுதசாலைக்கு 185 குழல் விற்ற கணக்கு இருக்கிறது. இத்தாலியில் கார்டோனே என்ற ஊரில் இன்றும் அதே தொழில். அவர்களின் 680 வரிசைத் துப்பாக்கியில் குழலைப் பூட்டுவது பக்கவாட்டில் வரும் இரண்டு கூம்பு முளைகள். தேய்ந்தால் கொஞ்சம் பெரிய அளவு முளையை மாற்றிவிடலாம். மடங்கும் இடத்து முளையும் அப்படியே. கழற்றி மாற்றக்கூடிய புஷ் போட்ட பம்புசெட் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ப்ரௌனிங் வகையில் அடியில் ஒரு தட்டையான நாக்கு வந்து பூட்டும். உடம்பு கொஞ்சம் உயரம், கனம், ஆனால் தலைமுறைக்கு உழைக்கும். ப்ரௌனிங் பெயரில் வரும் பலவற்றை இப்போது ஜப்பானில் மிரோக்கு என்ற கம்பெனிதான் செய்கிறது. அதே மிரோக்கு பெயரிலேயே வாங்கினாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றே. பெராஸ்ஸி 1957இல் தொடங்கிய போட்டித் துப்பாக்கிக் கம்பெனி. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கை ஒட்டி வந்த அதன் எம்.எக்ஸ்.8இல் விசைப் பகுதியை அப்படியே கையில் கழற்றி எடுக்கலாம். போட்டி நடுவில் ஸ்பிரிங் ஒடிந்தால் மாற்று விசையைச் சொருகிக்கொண்டு சுடலாம். உலகத்தரத்தில் சுடுகிறவருக்கு அது தேவை. கிளப்பில் 25க்கு 17, 18 உடைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது தேவையில்லை.

ஆகவே, மூன்றில் எது என்றால், முதல் துப்பாக்கியாகப் பெரெட்டா 680 வரிசையில் ஒன்று அல்லது மிரோக்கு, அதுவும் பழையது. பழையது என்று சொல்லக் காரணம் உண்டு. வெளிநாட்டுத் துப்பாக்கியை எல்லோரும் இறக்குமதி செய்துவிட முடியாது. போட்டியில் குறித்த தகுதியை எட்டி, ‘ரினௌண்ட் ஷாட்’ என்ற தகுதி பெற்றவர்களுக்குத்தான் அந்தச் சலுகை. மற்றவர்கள் ஏற்கெனவே நாட்டுக்குள் இருக்கும் துப்பாக்கியை, உரிமம் உள்ளவரிடமிருந்தோ அனுமதி பெற்ற வியாபாரியிடமிருந்தோ தான் வாங்க வேண்டும். கைமாறிய பொருளை வாங்கும்போது, மாட்டுச் சந்தையில் பல் பிடித்துப் பார்ப்பது போலப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இதில் எனக்குக் கொஞ்சம் பயிற்சி உண்டு. கிளப்பில் யார் வாங்கினாலும் கூப்பிடுவார்கள்.

முதலில் திறந்து, காலி என்று கண்ணால் பார்த்துவிட்டு மூடுங்கள். மேலே இருக்கும் திறப்பு நெம்புகோல் எங்கே வந்து நிற்கிறது என்று கவனியுங்கள். புதுத் துப்பாக்கியில் அது நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் வலப்பக்கம் நிற்கும். தேயத் தேய நடுவுக்கு வரும், இன்னும் தேய்ந்தால் இடப்பக்கம் தாண்டும். இடப்பக்கம் தாண்டியதை ரிப்பேர் செலவைக் கழிக்காமல் வாங்காதீர்கள். அடுத்து, குழலின் அடியில் கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றிவிட்டு, மூடிய நிலையில் கட்டையை ஒரு கையிலும் குழலை ஒரு கையிலும் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். கட கட என்று துளி அசைவு தெரிந்தாலும் பூட்டும் இடம் தளர்ந்திருக்கிறது. முன்கட்டை மாட்டியிருந்தால் இந்த ஆட்டம் மறைந்துவிடும். விற்கிற ஆள் ‘அதை எதுக்குங்க கழட்டறீங்க’ என்று கேட்டால் கட்டாயம் கழற்றிப் பாருங்கள்.

பிறகு குழல்களைத் தனியாக எடுத்து, அடியில் உள்ள கொக்கியில் விரலை விட்டுத் தொங்கவிட்டு, சின்ன மரக்குச்சியால் தட்டுங்கள். புதுப் பானையைத் தட்டிப் பார்ப்போமே, அதேதான். கணீரென்று இழுத்துக்கொண்டு போனால் இரண்டு குழலையும் சேர்க்கும் பட்டை நன்றாக ஒட்டியிருக்கிறது. சொத சொத என்று செத்த சத்தம் வந்தால் ஒட்டு விட்டிருக்கிறது; உள்ளே ஈரம் போய்த் துரு ஏறியிருக்கும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள். நிழல் வளையங்கள் ஒழுங்கான வட்டமாக வரிசையாகத் தெரிய வேண்டும். எங்காவது ஒரு வளையம் நெளிந்திருந்தால் அங்கே நசுங்கல் அல்லது வீக்கம்.

விசைக்கு, வெறும் துப்பாக்கியைச் சொடுக்காதீர்கள். ‘ஸ்னாப் கேப்’ என்ற போலித் தோட்டா இரண்டு வாங்கிப் போட்டுச் சொடுக்குங்கள். ஒற்றை விசையில் இரண்டு குழலும் சுடும் துப்பாக்கிகளில் இரண்டு வகை. ஒரு வகையில் முதல் வேட்டின் உதையில்தான் இரண்டாவது தயாராகும். போலித் தோட்டாவில் முதல் சொடுக்குக்குப் பின் கட்டையின் அடியைக் கையால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். இது தெரியாமல் ‘ரெண்டாவது வேலை செய்யலை’ என்று நல்ல துப்பாக்கியை ஒதுக்கியவரும் உண்டு. பத்து முறை செய்து பாருங்கள். பத்தில் ஒன்று தவறினாலும் போட்டியில் அந்த ஒன்றுதான் வரும்.

கடைசியாக, தோட்டா உட்காரும் அறையின் நீளம். இப்போது வரும் சாதாரண 12 போர் தோட்டா 70 மில்லிமீட்டர். பழைய இங்கிலாந்துத் துப்பாக்கிகள் பல 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்காகச் செய்தவை. அதில் 70 உள்ளே போய்விடும், மூடவும் மூடும். தோட்டாவின் நீளம் என்பது சுட்டபிறகு வாய் விரிந்த நீளம். விரிய இடம் இல்லாமல் முன் கழுத்தில் மாட்டிக்கொள்ளும், அழுத்தம் ஏறிவிடும். அறை நீளத்தைக் குழலின் அடியில் பொறித்திருப்பார்கள், சோதனைச் சாவடி முத்திரைகளோடு. லண்டன், பர்மிங்காம், லியேஜ், கார்டோனே என்று ஒவ்வொரு சாவடிக்கும் ஒரு முத்திரை. முத்திரையே இல்லாத குழலை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

இவ்வளவு பார்த்து வாங்கினாலும், சுடுகிறவர் உடம்புக்குப் பொருந்தாவிட்டால் அது அடுத்த வீட்டுச் செருப்புதான். இந்த விஷயத்தைத் தகப்பன்மார் யாரும் கேட்பதில்லை, கம்பெனி பெயரைத்தான் கேட்கிறார்கள். கடையில் வரும் துப்பாக்கிகள் சராசரி ஆண் உயரத்துக்குச் செய்தவை. விசையிலிருந்து கட்டையின் முடிவு வரை ஏறக்குறைய பதினாலரை அங்குலம். அஞ்சடி உயரமுள்ள பெண்ணுக்கு அது நீளம். அவள் தோளில் வைக்காமல் கைச்சதையில் வைப்பாள், கன்னம் கட்டையில் சரியாக அமராது, உதை கன்ன எலும்பில் விழும். ஒரு மாதத்தில் வேட்டுக்கு முன்பே கண்ணை மூடும் பழக்கம் வந்துவிடும். அந்தப் பழக்கத்தை எடுப்பது கோரைக்கிழங்கை எடுப்பது மாதிரி.

எங்கள் கிளப்பில் ஒரு தையற்கடைக்காரர் மகள் இப்படித்தான் மூன்று மாதம் தேறாமல் இருந்தாள். கட்டையில் ஒரு அங்குலம் அறுத்து, கன்னம் படும் இடத்தில் மெல்லிய ரப்பர் பட்டை ஒட்டிக் கொடுத்தார்கள். தச்சு வேலைக்கு ஆன செலவு ஒரு மூட்டை யூரியாவுக்குக் கொஞ்சம் கூட. அந்த மாதமே 25க்கு 11 என்றிருந்தது 18 ஆயிற்று.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு கண்ணையும் திறந்து, தூரத்து விளக்குக் கம்பத்தை விரலால் சுட்டச் சொல்லுங்கள். இப்போது இடது கண்ணை மூடச் சொல்லுங்கள். விரல் கம்பத்திலேயே இருந்தால் வலது கண்தான் ஆளும் கண். விரல் விலகித் தெரிந்தால் இடது கண் ஆள்கிறது; வலது தோளில் வைத்துச் சுடுபவருக்கு இது பெரிய தொந்தரவு. துப்பாக்கி வாங்கும் முன்பே பயிற்சியாளரிடம் இதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கட்டையின் வளைவே மாறும்.

எடையும் பார்க்க வேண்டும். ட்ராப் துப்பாக்கி மூன்றரை கிலோவுக்கு மேல்தான் இருக்கும். கனம் உதையைக் குறைக்கும். ஆனால் நாள் முழுக்கத் தூக்க வேண்டும். தகுதிச் சுற்று என்பது 125 தட்டு. 110 மில்லிமீட்டர் அகலமுள்ள அந்தத் தட்டு மணிக்கு நூறு கி.மீ. அளவு வேகத்தில், எந்தத் திசையில் என்று தெரியாமல் கிளம்பும். கைத்தசை சோர்ந்த பிறகு வரும் கடைசி 25தான் ஆளைச் சோதிக்கும். பெண் பிள்ளையால் முடியுமா என்று தயங்க வேண்டியதில்லை. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஆணும் பெண்ணும் சேர்ந்து சுட்ட ஸ்கீட் போட்டியில் தங்கம் வாங்கியவர் சீனத்தின் ஜாங் ஷான் என்ற பெண். 2024 பாரீஸில் நம் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் ட்ராப் சுட்டபோது, பெண்கள் பிரிவில் ராஜேஸ்வரி குமாரியும் ஸ்ரேயசி சிங்கும் இந்தியாவுக்காகச் சுட்டார்கள்.

இப்போது அரை ஏக்கர். விற்காதீர்கள்.

மகளுக்கு 20 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். சொந்த உரிமத்துக்கு 21 நிரம்ப வேண்டும். அதுவரை கிளப் துப்பாக்கியில், கிளப் மேற்பார்வையில் சுடட்டும். இந்த ஒரு வருடத்தில் செலவு துப்பாக்கியில் இல்லை, தோட்டாவில்தான் என்பது உங்களுக்குப் புரிந்துவிடும். வாரம் இரண்டு நாள், நாளைக்கு 100 தட்டு என்றால் வருடத்துக்குப் பத்தாயிரம் தட்டு; இரண்டாம் வேட்டையும் சேர்த்தால் தோட்டாக் கணக்கு அதற்கு மேல். தட்டுக்கும் கட்டணம் உண்டு. அரை ஏக்கர் பணம் முழுவதும் துப்பாக்கியில் போய்விட்டால், அதற்குத் தீனி போட அடுத்த அரை ஏக்கரைத்தான் பார்க்க வேண்டி வரும். நல்ல துப்பாக்கி வீட்டு அலமாரியில் இருக்க, தோட்டா வாங்க முடியாமல் விளையாட்டை விட்ட பிள்ளைகள் இரண்டு பேரை எனக்குத் தெரியும். இரண்டு பேரும் திறமைசாலிகள். வாய்க்கால் பாயும் மஞ்சள் பூமியைத் திரும்ப வாங்க முடியாது. பழைய பெரெட்டா அடுத்த வருடமும் கிடைக்கும். வருடக் கடைசியில் அவள் எண்ணிக்கை ஏறியிருந்தால், ஒரு பருவத்து மஞ்சள் பணத்துக்குள் அடங்கும் பழைய துப்பாக்கி ஒன்றை மேலே சொன்னபடி பார்த்து வாங்குங்கள். கட்டையை அவள் அளவுக்குத் திருத்துங்கள். மிச்சம் தோட்டாவுக்கு.

நாமக்கல் அன்பருக்கு வருகிறேன். உங்கள் மகன் விஷயம் வேறு. அங்கே ரேப் என்ற எண்ணெய்வித்துப் பயிரில் காட்டுப்புறாக் கூட்டம் இறங்கினால், நம் சோளக்காட்டில் கிளி இறங்கிய கதைதான். சட்டம் வகுத்த முறைப்படி அவற்றைச் சுட அனுமதி உண்டு. ஃபெசன்ட் என்ற கோழியினப் பறவைக்கு அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை பருவம். அவருக்கு ட்ராப் துப்பாக்கி வேண்டாம். ட்ராப் கட்டை உயரமாக இருக்கும். மேலே ஏறிப் போகும் தட்டுக்காகக் குறிக்கு மேலாகச் சுடும்படி அமைத்திருப்பார்கள். இறங்கி வரும் புறாவுக்கு அது பொருந்தாது. 28 அல்லது 30 அங்குலக் குழல், மூன்றே கால் கிலோவுக்குள் எடை, திருகி மாற்றும் சோக்குகள் கொண்ட வயல் துப்பாக்கி போதும். பெரெட்டா சில்வர் பிஜன், ப்ரௌனிங் பி525 போன்றவை அங்கே பழையதாகவே நிறையக் கிடைக்கும். துருக்கித் துப்பாக்கி விலை குறைவாக இருக்கும். குழல் பரவாயில்லை, விசையும் தோட்டா வெளித்தள்ளும் பகுதியும் ஒன்று போல் ஒன்று இருப்பதில்லை என்பது என் கணிப்பு. நூறு வேட்டாவது போட்டுப் பார்க்காமல் வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

முக்கியமாக, எஃகு ரவைக்குச் சோதித்த குழலா என்று பார்க்கச் சொல்லுங்கள்; அதற்கு அல்லிப்பூ போன்ற ஒரு முத்திரை குத்தியிருக்கும். நீர்ப்பறவைகளைச் சுட ஈய ரவையை அமெரிக்கா 1991இலும் இங்கிலாந்து 1999இலும் நிறுத்திவிட்டன. வாத்து சேற்றில் கிடக்கும் ஈய மணியைக் கல் என்று நினைத்து விழுங்கி, இரைப்பையில் அரைத்து, விஷமேறிச் சாகும். எஃகு கடினமானது, பழைய மெல்லிய குழலையும் இறுக்கமான சோக்கையும் கெடுக்கும். இதோடு இன்னொன்று: தட்டு சுடும் கிளப்புக்கு நிலம் குத்தகைக்குக் கொடுக்க நினைக்கும் வாசகர்கள் இருந்தால், அந்த மண்ணில் ஈயம் சேரும் என்பதை மறக்க வேண்டாம். தட்டுக்குக் களிமண் தட்டு என்று பெயர்தானே தவிர, செய்வது சுண்ணாம்பும் கீலும் கலந்து. நிலக்கரிக் கீல் கலந்த உடைசலைத் தின்ற வளர்ப்புப் பன்றிகள் ஈரல் கெட்டுச் செத்திருக்கின்றன. அங்கே ஆடு, மாடு மேய்க்கவும் கீரை போடவும் கூடாது.

கோபி அன்பரின் கடைசிக் கேள்வி, அப்பாவின் துப்பாக்கி. முதலில் அது யார் உரிமத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அப்பா காலமாகி, வாரிசு பெயருக்கு மாற்றாமல் பீரோவில் வைத்திருந்தால் அது உரிமமில்லாத ஆயுதம். உடனே காவல் நிலையத்திலோ அனுமதி பெற்ற வியாபாரியிடமோ முறைப்படி ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, பிறகு உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரண உரிமதாரர் இரண்டு துப்பாக்கிதான் வைத்துக்கொள்ள முடியும், உரிமம் ஐந்து வருடத்துக்குச் செல்லும். வைத்துக்கொள்வது என்று முடிவானால், அறை நீளத்தை அளக்காமல் ஒரு தோட்டாவும் போடாதீர்கள். குழலில் மரத்தின் ரேகை போல நெளிநெளியாகக் கோலம் தெரிந்தால், அது இரும்பையும் எஃகையும் முறுக்கிச் செய்த பழைய குழலாக இருக்கலாம். அதைச் சுடவே வேண்டாம். தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். மூன்று மாதம் மூலையில் கிடந்து திரும்பி வரும்போது துரு பிடித்திருக்கும். கொடுக்கும் முன் குழலை உள்ளும் புறமும் துடைத்து, துப்பாக்கி எண்ணெய் போடுங்கள். அது கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய் போதும், தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்காகிவிடும். எண்ணெய் நனைத்த துணியில் சுற்றி, வரிசை எண்ணைச் சரிபார்த்து ரசீது வாங்குங்கள். திரும்பி வந்ததும் முதல் வேலையாக மடக்கித் திறந்து, வெளிச்சத்துக்கு நேராகக் குழலுக்குள் பாருங்கள். குளவிக்குக் காவல் நிலையமும் ஒன்றுதான், உங்கள் வீட்டுச் சுவரும் ஒன்றுதான்.